டயோடின் ஒரு கால்

ஸ்டேஷன் டீ நல்லா கீது சார். எங்க திருமழிசை கம்பெனி டீ வெறும் சுடுதண்ணி.

நான் அருள்தாஸ். இரும்புத் தகடை அழுத்தி வெட்டுற அந்த பிரஸ் கம்பெனியில பத்தொம்பது வருஷமா எலக்ட்ரீஷியன். மாசத்துக்கு ஒருவாட்டி ஒவ்வொரு பிரஸ்ஸோட டயோடையும் மீட்டர் வெச்சுப் பார்த்து, தாள்ல எழுதணும். டயோடுன்னா சின்ன சாமான் சார், நெல்லு சைஸ், ரெண்டு பக்கமும் கம்பிக் கால். ஒரு பக்கம் வெச்சா புள்ளி ஆறு வோல்ட் கிட்ட காட்டணும். திருப்பி வெச்சா ஒண்ணும் காட்டக்கூடாது. அது செத்துப்போச்சுன்னா, பிரஸ்ஸை ஓட்டி நிறுத்துற ரிலே ஸ்விட்ச்சோட முனையில நெருப்பு அடிக்கும். ஒருநாள் முனை ஒட்டிக்கும். அப்புறம் பட்டனை விட்டாலும் பிரஸ் நிக்காது.

போன வருஷம் ஒரு தப்பு பண்ணேன், இல்லேன்னு சொல்லல. டயோடை கழட்டாம, அது கூட மாட்டியிருக்கிற காயில், அதான் கம்பிச் சுருள், அதோட சேர்த்தே பார்த்துட்டேன். மீட்டர் பீப்னு கத்திச்சு. டயோடு போச்சுன்னு மூணாம் நம்பர் பிரஸ்ஸை நிறுத்திட்டேன். சூப்பர்வைசர் யூஜின் வந்தான். என் பையன் வயசு. டயோடோட ஒரு காலை மட்டும் கழட்டிட்டு மீட்டர் வெச்சான். புள்ளி அஞ்சு எட்டு. நல்லா இருந்துச்சு.

"இன்னா அண்ணாத்தே, ஒரு கால் கழட்டாம பார்த்தா காயில்தான் கத்தும். இதுகூடவா தெரியாது?"

முப்பது பேர் சிரிச்சாங்க. அன்னில இருந்து எனக்குப் பேரு பீப்பு. கேன்டீன்ல, பஸ் ஸ்டாப்ல, சர்ச் வாசல்லகூட. "தோ, பீப்பு வந்துகினு கீது பாரு." உடம்பெல்லாம் பத்திக்கினு வரும் சார். இப்பவும் வருது.

இந்த ஜூன்ல மூணாம் நம்பருக்கு புள்ளி அஞ்சு எட்டுன்னு எழுதினேன். யூஜின் பார்க்காமலே கையெழுத்துப் போட்டான். எட்டாம் நாள் பிரஸ் நிக்கல. அதுல வேலை செஞ்சுகினு இருந்த பவித்ராவோட வலது கை மணிக்கட்டோட போச்சு. நல்ல பொண்ணு. என்னை பீப்புன்னு கூப்பிடாதது அது ஒண்ணுதான்.

யூஜின் உங்ககிட்ட சொன்னது என் காதுக்கும் வந்துச்சு. "பாவம் சார், அவருக்கு மீட்டர் பார்க்கத் தெரியாது. பீப் வந்து குழம்பி, பழைய நம்பரையே எழுதிட்டாரு." நீங்களும் தெரியாம நடந்துச்சுன்னு எழுதி வெச்சிருக்கீங்க. கையெழுத்துப் போட்டா ஊட்டுக்குப் போலாம்னீங்க. என் சம்சாரம் சாராள் வெளியில காத்துகினு கீறா.

அதுல போட மாட்டேன் சார். அடிச்சுட்டு வேற எழுதுங்க.

இந்த ஜூன்ல ஒரு கால் கழட்டித்தான் பார்த்தேன். திருப்பித் திருப்பி வெச்சேன். எந்தப் பக்கமும் ஒண்ணும் காட்டல. உள்ள அறுந்துபோச்சு. ஸ்டோர்ல டப்பா நிறைய புது டயோடு இருந்துச்சு. பிரஸ் என்னிக்காவது நிக்காம போகும்னு தெரிஞ்சே, செத்த டயோடையே திரும்ப ஈயம் வெச்சுப் பத்தவெச்சு, அவன் நம்பரை எழுதினேன். கையெழுத்து அவனோடது, அவன் மாட்டட்டும்னு.

பவித்ராவுக்கு நான் ஒரு கெடுதலும் நினைக்கல. என்னை உள்ள வைங்க, எத்தினி வருஷம்னாலும் வைங்க. மீட்டர் பார்க்கத் தெரியாதவன்னு மட்டும் எழுதாதீங்க சார்.