முன்சக்கரத்தில் ஏறாத ஸ்டெப்னி

மாரிசெல்வி: …அதெல்லாம் அப்புறம் பேசிக்கிடலாம் பாய். எது ஏறலைன்னு எனக்கு முதல்ல காட்டுங்க.

ஜஹாங்கீர்: அதைப் பாத்து என்ன ஆகப் போவுது தங்கச்சி? உக்காருங்க. சைஃபு, அந்த ஸ்டூலைத் துடைச்சுப் போடுடா.

மாரிசெல்வி: நான் நிக்குதேன். ஏறலை, ஏறலைன்னு போலீஸ்காரன் சொல்லுதான், என் கொழுந்தன் சொல்லுதான். எனக்கு ஒண்ணும் விளங்கலை. லாரி வந்து இடிக்குத வரைக்கும் அந்த ரோட்டுல என் வீட்டுக்காரரு எதோட மல்லுக்கட்டிட்டு இருந்தாருன்னு நான் பாக்கணும்.

ஜஹாங்கீர்: …சரி, வாங்க. கிரீஸ் கெடக்கு, சேலை பத்திரம். இதுதான் உங்க காரோட முன்பக்கத்து டிஸ்க், பிரேக்குத் தட்டு. இதைக் கவ்விப் புடிக்குதே, இது கேலிப்பர். கம்பெனிக்காரன் முதல்ல போட்டிருந்தது இதைவிட ரொம்பச் சின்னது.

மாரிசெல்வி: இந்த சக்கரம்?

ஜஹாங்கீர்: இது ஸ்டெப்னி, மாத்துக்குன்னு டிக்கியில வச்சிருந்த சக்கரம். பழைய சின்ன ரிம்மு. நான் ஒரு பக்கம் புடிச்சுக்கிடுதேன், நீங்களே முன்னால வச்சுப் பாருங்க.

மாரிசெல்வி: …முட்டுது.

ஜஹாங்கீர்: முட்டும். என்ன அமுக்கினாலும் உள்ளே போவாது.

மாரிசெல்வி: அவரு எத்தனை தடவை அமுக்கியிருப்பாரு?

ஜஹாங்கீர்: உள்பக்கம் பூரா கீறல் கெடக்கு. ரொம்ப நேரம் பாத்திருக்காரு.

மாரிசெல்வி: டீக்கடைக்காரனும் அதான் சொன்னான். மாட்டுதாரு, கழட்டுதாரு, திரும்ப மாட்டுதாருன்னு… அப்போ பஞ்சர் ஆனா என்னதான் செய்யணும்?

ஜஹாங்கீர்: பின்சக்கரத்தைக் கழட்டி முன்னால மாட்டணும். ஸ்டெப்னியைப் பின்னால போட்டுக்கிடணும். பின்னால பழைய பிரேக்குதான், ஏறிரும்.

மாரிசெல்வி: அவ்வளவுதானா?

ஜஹாங்கீர்: அவ்வளவுதான். தண்ணி குடிங்க.

மாரிசெல்வி: வேண்டாம். ஞாயித்துக்கெழமையானா இங்கதான் கெடப்பாரு. தாராவி வீட்டுக்கு வந்தும் இதே பேச்சு. நான் ஒரு நாளும் காது குடுத்துக் கேக்கலை.

ஜஹாங்கீர்: கேட்டிருந்தா தலைவலிதான் வந்திருக்கும். காட்கோபர்ல எவனோ வண்டியிலேருந்து கழட்டி வித்த பிரேக் செட்டு இது. வேற மாடலுக்குள்ளது. வேண்டாம்னு சொன்னேன். "வாங்கியாச்சு பாய், இனி மாட்டுத வழியைச் சொல்லும்"னாரு.

மாரிசெல்வி: எங்கிட்டயும் வாங்கிட்டுத்தான் சொன்னாரு.

ஜஹாங்கீர்: ஒண்ணும் நேரா உக்காரலை. டிஸ்க்குக்கு நடு ஓட்டை பெருசு, ஆடிச்சு. லேத்துல வளையம் கடைஞ்சு போட்டோம். அப்புறம் கேலிப்பர் டிஸ்க்குக்கு நடுவுல நிக்கலை, ஒரு பக்கமாச் சாஞ்சு நின்னுச்சு. வாஷர் வச்சு வச்சு நடுவுக்குக் கொண்டாந்தோம். ஸ்டியரிங்கை முழுசாத் திருப்பினா பிரேக் ஆயில் ஹோஸ் போயி டயர்ல உரசிச்சு…

சைஃப்: அந்த அட்டைக் கதையைச் சொல்லுங்க காக்கா.

ஜஹாங்கீர்: அது எதுக்குடா இப்போ?

மாரிசெல்வி: உங்க தம்பி சொல்லட்டும் பாய்.

சைஃப்: பழைய ரிம்முக்குள்ள இந்த கேலிப்பர் அடங்காதுன்னு தெரியும். பெரிய வீல் வாங்கணும். அதுக்குள்ளயாவது அடங்குமான்னு பாக்கதுக்கு நெட்டுல ஒரு படம் இருக்கும். அதைப் பிரிண்ட் எடுத்து, அட்டையில ஒட்டி, வெட்டி, வீலுக்குள்ள வச்சுப் பாக்கணும். அண்ணாச்சி எல்லாம் செஞ்சு கொண்டாந்தாரு. கடையில வச்சுப் பாத்தோம், அழகா உள்ளே போச்சு. வாங்கிட்டு வந்து மாட்டினா கேலிப்பர் முட்டுது.

மாரிசெல்வி: ஏனாம்?

சைஃப்: ஜெராக்ஸ் கடைக்காரன் பேப்பருக்குள்ள அடங்கட்டும்னு படத்தைச் சின்னதாக்கி எடுத்துட்டான். அண்ணாச்சி இந்தா, இந்த இடத்துலதான் தலையில கைய வச்சுட்டு உக்காந்தாரு.

ஜஹாங்கீர்: பெறகு ஸ்பேஸர் வச்சு வீலை வெளியே தள்ளி, நீள போல்ட்டு போட்டு, ஒரு வழியா சரி பண்ணிட்டோம்.

மாரிசெல்வி: அட்டைக்கு எங்க போனாரு?

சைஃப்: ஏதோ சேலை டப்பா. ரோஸ் கலரு, மேல தங்க எழுத்து.

மாரிசெல்வி: …என் கல்யாணப் பட்டு டப்பா அது. வீடு பூரா தேடினேன்.

ஜஹாங்கீர்: வீட்ல தெரியுமாய்யான்னு கேட்டேன். "தெரிஞ்சா வளையத்துக்குப் பதிலா என் தலையை லேத்துல கடைஞ்சிருவா"ன்னாரு.

மாரிசெல்வி: சொல்லுவாரு, சொல்லுவாரு… வாய் மட்டும் குறைச்சலில்லை. எதுக்கு பாய் அவருக்கு இதெல்லாம்? ரேஸா ஓட்டப் போறாரு?

ஜஹாங்கீர்: உங்களுக்குத் தெரியாதா?

மாரிசெல்வி: பகட்டுக்குன்னு நெனைச்சேன். செவப்புப் பெயிண்டும் அதுவும். அதுக்குத்தான் சண்டையே. கடைசியில எங்களுக்குள்ள பேச்சே நின்னு போச்சு.

ஜஹாங்கீர்: பூனாவுக்கு பெல்ட்டு, பர்ஸு ஏத்திட்டுப் போவாருல்லா… ஒரு தடவை திரும்பி வாரப்ப விக்காத சரக்கெல்லாம் வண்டியில இருந்திருக்கு. கண்டாலா மலை இறக்கத்துல பிரேக் சூடாகி, மிதிக்க மிதிக்க பெடல் தரைக்குப் போயிருச்சு. வண்டி நிக்கலை. கியர்ல புடிச்சு, ஓரத்துச் சுவர்ல உரசித்தான் நிறுத்தினாரு.

மாரிசெல்வி: சுவர்ல உரசினது பார்க்கிங்லன்னு சொன்னாரே.

ஜஹாங்கீர்: நேரா இங்க வந்தாரு. "பள்ளிக்கூட லீவுக்கு மாரியையும் பிள்ளையையும் லோனாவ்லா கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கேன் பாய். அன்னைக்கு இப்படி ஆயிருந்தா?"ன்னு அதையேதான் திரும்பத் திரும்பக் கேட்டாரு.

மாரிசெல்வி: எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை.

ஜஹாங்கீர்: பயந்துருவீங்கன்னு நெனைச்சிருப்பாரு.

மாரிசெல்வி: பயந்திருந்தா நான் சண்டை போட்டிருக்க மாட்டேனே பாய். நாங்க நல்லா இருக்கணும்னு மாட்டினாரா… நான் என்னெல்லாம் பேசினேன் அவரை.

ஜஹாங்கீர்: அழுதுருங்க தங்கச்சி. அடக்காதீங்க.

மாரிசெல்வி: அழுகை வர மாட்டேங்குது. அன்னையிலேருந்து வரலை.

சைஃப்: காக்கா… வானமாமலை அண்ணன் போன் பண்ணினாரு. மத்தியானம் ஊர்ச் சங்கத்து ஆளுங்களோட வாராராம். நீங்க கடையில இருக்கணுமாம்.

ஜஹாங்கீர்: இருப்பேன்னு சொல்லு.

மாரிசெல்வி: நான் இங்க வந்தது என் கொழுந்தனுக்குத் தெரியாது. அவன் வாரதுக்குள்ள உங்ககிட்ட பேசணும்னுதான் வந்தேன்.

ஜஹாங்கீர்: பேச ஒண்ணும் இல்லை. நான் ஒத்துக்கிட்டேன்.

மாரிசெல்வி: என்னன்னு?

ஜஹாங்கீர்: ஸ்டெப்னி முன்னால ஏறாதுன்னு சொல்ல மறந்துட்டேன்னு. ஸ்டேஷன்லயும் இதையேதான் சொல்லப் போறேன்.

சைஃப்: அதான் எனக்கு விளங்கலைக்கா. எந்த வண்டிக்கு இந்த வேலை பாத்தாலும், காசு வாங்குததுக்கு முன்னால காக்கா இதைத்தான் சொல்லுவாரு. மறக்குத ஆளே இல்லை. இப்போ என்னன்னா, கடையை மூடுங்காங்க அவங்க, இவரு தலையை ஆட்டுதாரு.

ஜஹாங்கீர்: சைஃபு.

சைஃப்: கேஸ் போட்டா உள்ளே போவணும் காக்கா. மதினியையும் பிள்ளைகளையும் யாரு பாப்பா? இந்த குர்லாவுல வேற எவன் நமக்கு கடை குடுப்பான்?

ஜஹாங்கீர்: போயி கட்டிங் டீ வாங்கிட்டு வா.

சைஃப்: நான் கேக்குததுக்குப் பதில் சொல்ல மாட்டீங்க.

ஜஹாங்கீர்: போடா. தங்கச்சிக்கு சீனி கம்மியா.

சைஃப்: …போறேன்.

மாரிசெல்வி: தம்பி போயிட்டானா?

ஜஹாங்கீர்: போயிட்டான். உங்க மேல கோவமில்லை அவனுக்கு. எம் மேலதான்.

மாரிசெல்வி: அவன் சொல்லுததுல என்ன தப்பு? வானமாமலை லேசுல விட மாட்டான் பாய். அண்ணன் போன ஆத்திரத்துல இருக்கான். யாரையாவது புடிச்சு உலுக்கணும் அவனுக்கு. நீங்களாப் போயி கழுத்தை நீட்டுதீங்க.

ஜஹாங்கீர்: நீட்டுனா நீட்டிட்டுப் போறேன்.

மாரிசெல்வி: சொன்னேன்னு சொல்லுங்க. அவருகிட்ட ஸ்டெப்னி விஷயத்தைச் சொன்னேன்னு சொல்லுங்க.

ஜஹாங்கீர்: மவுத்தாப் போன மனுசன் மேல பழியைப் போடச் சொல்லுதீங்களா?

மாரிசெல்வி: அவரு பொண்டாட்டி நான் சொல்லுதேன்.

ஜஹாங்கீர்: எனக்கு மனசு வராது. அன்னைக்கு அவரு எனக்கு போன் பண்ணினாரு தங்கச்சி. அந்த ரோட்டுலேருந்து. கிரைண்டர் ஓடிட்டு இருந்துச்சு, காதுல விழலை. பாத்துட்டு நான் திருப்பிக் கூப்பிட்டப்போ வேற யாரோ எடுத்தாங்க. போலீஸ்காரன். அந்த ஒண்ணுக்கே நான் எதை வேணும்னாலும் ஏத்துக்கிடலாம்.

மாரிசெல்வி: அது வேற, இது வேற. கேக்காத போனுக்காக செய்யாத தப்பை ஏத்துக்கிடுவாங்களா?

ஜஹாங்கீர்: செய்யலைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?

மாரிசெல்வி: …

ஜஹாங்கீர்: விடுங்க. கேட்டிருக்கக் கூடாது. வீட்டுக்குப் போங்க தங்கச்சி, பிள்ளை தனியா இருக்கும்.

மாரிசெல்வி: பக்கத்து வீட்ல இருக்கா. நான் போவ மாட்டேன். உங்க பொழப்பு போயிரும், ஜெயிலுக்கும் போவீங்க. உள்ளதைச் சொன்னா உங்களுக்கு என்ன குறைஞ்சிரும்?

ஜஹாங்கீர்: எனக்கு ஒண்ணும் குறையாது.

மாரிசெல்வி: பெறகு?

ஜஹாங்கீர்: சொன்னேன்னு சொன்னா, யாருகிட்ட, எப்போன்னு உங்க கொழுந்தன் கேப்பாரு. உங்க வீட்டுக்காரரு வண்டியை எடுக்க வந்தப்போ நான் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தேன், சைஃபுதான் சாவியைக் குடுத்தான். அன்னைக்குச் சாயங்காலம் உங்க வீட்டுக்கு போன் பண்ணினேன். "அவரு குளிக்காரு, எங்கிட்ட சொல்லுங்க பாய், நான் சொல்லிருதேன்"னு எடுத்தது நீங்க. ஊருக்கு முன்னால வச்சு நான் அதைச் சொன்னா, அந்த வீட்டுல உங்களை இருக்க விடுவாங்களா? பிள்ளையை உங்ககிட்ட குடுப்பாங்களா?

மாரிசெல்வி: தெரியும் பாய். அவருகிட்ட பேச்சில்லாம இருந்ததுல நான் அதைச் சொல்லவே இல்லை. இப்போ நானா ஒத்துக்கிட எனக்கு வாய் வரலை. நீங்க சொல்லிட்டீங்கன்னா, இல்லைன்னு சொல்லாம தலையைக் குனிஞ்சு நின்னுருவோம்னுதான் வந்தேன்.