தோளில் தொங்கும் புருஷன்

அடையாறிலிருந்து மயிலாப்பூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவள் சொன்னாள்:

“நேத்து மேடையில புருஷன் மேலயே மூக்கைச் சிந்திட்டேன்டி.”

நான் செல்போனைப் பைக்குள் வைத்தேன்.

“நீ தனியாத்தானே நடிக்கிற? புருஷன் எங்கேர்ந்து வந்தான்?”

“அது அரபு நாடகம்டி, தமிழ்ல பண்றோம். எல்லாருமே நான்தான். கையில ஒரே ஒரு சால்வை. தலையில போட்டா மாமியார், சுருட்டி ஏந்தினா குழந்தை, தோள்ல தொங்கவிட்டா புருஷன். அங்கல்லாம் ஒத்தை ஆளா நடிக்கிறவங்க இப்படித்தான் பண்ணுவாங்கன்னு டைரக்டர் சொன்னார்.”

“சரி.”

“அழற சீன்ல நிஜமாவே அழுதுட்டேன். கைக்கு அதுதான் வந்துது.”

“பாத்தவங்க?”

“ஆம்பளைங்க கம்முனு இருந்தாங்க. பொம்பளைங்க கைதட்டல் அடங்கவே இல்ல. தினமும் சிந்துன்னு டைரக்டர் சொல்லிட்டார்.”

“உன் வீட்டுக்காரர்?”

“முதல் வரிசை.”

“என்ன சொன்னார்?”

“வீட்டுக்கு வந்ததும் சால்வையை வாங்கி, அவரே சோப்புப் போட்டுத் துவைச்சுக் காயப்போட்டார். கல்யாணமானதுலேர்ந்து அவர் துணி துவைச்சு நான் பாத்ததில்ல.”

மந்தைவெளியில் இருவரும் எழுந்தார்கள்.

“இன்னிக்கு ஷோவுக்கும் வர்றாரா?”

“இல்லடி. அவங்க அம்மாவை அனுப்பறார்.”