குடலிறக்கம் என்று சொன்னேன்

ஓடுகிற பெண்களுக்குச் சோறு போட்டு மாளாது. காலைப் பயிற்சி முடிந்து வந்தால் அடுப்பில் இருப்பதைப் பாத்திரத்தோடு தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். என் வீட்டு மாடியில் ஐந்து பேர் தங்கி என்னிடம் ஓட்டப் பயிற்சி எடுத்தார்கள். அதிகம் சாப்பிடுகிறவள் நெட்டை. அவளுக்காக முட்டையை எண்ணாமல் அவித்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் அவளை வெறுத்தேன் என்று வெளியே பேசிக்கொள்கிறார்கள். வெறுக்கிறவள் யாராவது எண்ணாமல் முட்டை அவிப்பாளா?

நெட்டை என்பது மற்றப் பெண்கள் வைத்த பெயர். அவளுக்கு அதில் வருத்தமில்லை. கதவு நிலையில் தலை இடித்தால், "நெட்டை வர்றா, வீட்டை உசத்திக் கட்டுங்க" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்தபோது அவள் அம்மா கூட்டிவந்து என்னிடம் விட்டாள். தையல் ஆலையில் சட்டைக்குக் காலர் தைக்கிறவள். "அடிச்சாலும் அணைச்சாலும் இனி நீங்கதான்" என்றாள். நான் அதைப் பேச்சுக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நானும் எண்ணூறு மீட்டர் ஓடினவள்தான். அணித் தேர்வில் மூன்று பேரை எடுத்தார்கள், நான் நாலாவது. அந்தக் கதை இங்கே வேண்டாம்.

நெட்டைக்குப் பத்தொன்பது வயதானபோது பெரிய போட்டி ஒன்றில் வெகுதூரம் முந்தி வந்து ஜெயித்தாள். இரண்டாவதாக வந்தவளின் அப்பா கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு, "இது பொண்ணுதானா? குரலைக் கேளுங்க, தோளைப் பாருங்க" என்று பத்துப் பேர் காதில் விழச் சொன்னார். நெட்டை தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். குனிந்து தன் தோளைத் தானே ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். மறுபடி குடித்தாள்.

அதன் பிறகு வழக்கமான சோதனை என்று சொல்லி ரத்தம் எடுத்தார்கள். முடிவை அவளிடம் யாரும் சொல்லவில்லை. எனக்குத்தான் போன் வந்தது. பேசியவர் உங்கள் தடகளச் சங்கத்துக்காரர்தான், இந்த விசாரணை மேசையில் இரண்டாவதாக உட்கார்ந்திருக்கிறார். தலையைக் குனிய வேண்டாம் ஐயா, நான் உங்களைக் குறை சொல்லவில்லை. "ஆண் ஹார்மோன் வரம்புக்கு மேல இருக்கு. குறைச்சாத்தான் பெண்கள் பிரிவுல ஓட முடியும். பேப்பர்ல வராம நீங்களே பாத்துக்குங்க" என்றார். பார்த்துக்கொள்வது என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கை நனையாமல் மீன் வேண்டும் என்றால் யாராவது ஒருத்தர் தண்ணீரில் இறங்கித்தானே ஆகவேண்டும்.

அவளுக்கு அதுவரை மாதவிலக்கு வந்ததில்லை. அவள் அம்மா கவலைப்படும்போதெல்லாம், ஓடுற பொண்ணுங்களுக்கு அப்படித்தான் என்று நானே சமாதானம் சொல்லியிருந்தேன். இப்போது அதையே சாக்காக வைத்து ஸ்கேன் எடுக்கக் கூட்டிப்போனேன். முடிவைக் கேட்கும்போது அவளை வெளியே உட்காரச் சொன்னேன். டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். பிறவியிலேயே அமைந்த உடம்பு. பெண்ணாகப் பிறந்தாள், பெண்ணாக வளர்ந்தாள். உள்ளே கருப்பை இல்லை, வயிற்றுக்குள் ஆண் சுரப்பிகள் இருக்கின்றன. நோய் எதுவும் இல்லை.

"அவசரம் ஒண்ணுமில்ல. அவளை உள்ள கூப்பிடுங்க, நானே பக்குவமா சொல்றேன். மாத்திரை எடுக்கலாம், எடுக்காம இருக்கலாம், விதியை எதிர்த்து வழக்குப் போடலாம், ஓடுறதையே விடலாம். அவ உடம்பு. அவதான் முடிவு பண்ணணும்."

நல்ல டாக்டர். ஆகவே வேறு டாக்டரைத் தேடினேன்.

கிடைத்தவர் அதிகம் பேசாதவர். மாத்திரையில் ஹார்மோன் அளவு மெதுவாகத்தான் இறங்கும், அணித் தேர்வுக்குள் முடியாது. அறுவை சிகிச்சை செய்து அந்தச் சுரப்பிகளை எடுத்துவிட்டால் சீக்கிரம் இறங்கிவிடும். நான் நிதானமாக யோசித்தேன். அவளுக்குப் பிள்ளை பிறக்கப் போவதில்லை. வெளியே யாருக்கும் தெரியப் போவதில்லை. தேர்வாகிறவளின் பயிற்சியாளரும் அணியோடு போவார் என்பது உங்கள் விதி, எனக்கும் தெரியும். அதையும் இதையும் முடிச்சுப் போட வேண்டாம்.

குடலிறக்கம் என்று சொன்னேன். "அதிகமா எடை தூக்கினதால குடல் இறங்கியிருக்கு. சின்ன ஆபரேஷன்தான்."

"அப்புறம் ஓட முடியுமா கோச்சக்கா?"

"முன்னைவிட நல்லா ஓடுவே."

நான் விரல் வைத்துக் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டாள். அவள் அம்மா, மகள் மருத்துவமனையில் போட்டுக்கொள்ள இரண்டு பருத்தி நைட்டி தைத்துக் கொண்டுவந்தாள். மயக்க மருந்து ஏறும்வரை நான்தான் நெட்டையின் கையைப் பிடித்திருந்தேன். சங்கத்திலிருந்து யாரும் வரவில்லை.

அளவு இறங்கியது. எப்படி இறங்கியது என்று உங்களில் ஒருவரும் கேட்கவில்லை. "காதும் காதும் வச்ச மாதிரி முடிச்சிட்டீங்க" என்று பாராட்டு மட்டும் வந்தது.

தேர்வில் அவள் ஏழாவதாக வந்தாள். கடைசி வளைவில் கால் கனத்துப்போன மாதிரி ஓடினாள். வீட்டில் திடீர் திடீரென்று உடம்பு கொதித்து வியர்த்து, நனைந்த பனியனோடு குளிர்கிறது என்று உட்கார்ந்திருப்பாள். தட்டில் போட்டது அப்படியே இருக்கும். ஆபரேஷனுக்குப் பிறகு தொடர்ந்து ஹார்மோன் மருந்து கொடுக்கவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கொடுத்தால் எதற்கு என்று கேட்பாள். அதனால் கொடுக்கவில்லை. சோம்பல் என்று திட்டி, தூரத்தைக் கூட்டினேன். முழங்காலுக்குக் கீழே எலும்பு விரிசல் விட்டது.

மாவுக்கட்டுப் போட்ட டாக்டருக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. இந்த வயதில் எலும்பு இப்படி மெலியக் கூடாது என்று வயிற்றுத் தழும்பைப் பார்த்திருக்கிறார், பழைய மருத்துவமனையில் விசாரித்திருக்கிறார். "உங்களுக்கு என்ன எடுத்தாங்கன்னு உங்களுக்கே தெரியாதாம்மா?" என்று கேட்டிருக்கிறார். தன் உடம்பைப் பற்றி அவள் முதன்முதலாகத் தெரிந்துகொண்டது அங்கே, ஈர மாவோடு, முன்பின் தெரியாத ஓர் ஆளிடமிருந்து.

விஷயம் வெளியே பரவிவிட்டது. முதலில் என்னைத் தேடி வந்தவள் நெட்டை அல்ல. வேலியில் நின்று கத்தினாரே, அவருடைய மகள். நெட்டை போகவேண்டிய இடத்தில் அணிக்குத் தேர்வானவள். வாசலில் நின்றபடியே பேசினாள்.

"அவகூட ஓடுறது எனக்கு நியாயமான்னு நான் கேட்டேன். இப்பவும் அதுக்குப் பதில் எனக்குத் தெரியல. அதைப் பெரியவங்க உக்காந்து பேசணும், விதியை மாத்தணுமா வேணாமான்னு சண்டை போடணும். அவளை அறுங்கன்னு நான் கேட்டேனா? என் பேரைச் சொல்லித்தானே எல்லாரும் பண்ணீங்க?"

"நியாயம் சும்மா வராதும்மா" என்றேன். டீ போட்டேன். தொடாமல் போய்விட்டாள். அவளுக்குத்தான் லாபம், அவளுக்கே கோபம்.

பிறகு நெட்டை கம்பு ஊன்றிக்கொண்டு, அம்மாவோடு பெட்டியை எடுக்க வந்தாள். அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. மாடிக்குப் போய்ப் பெட்டியை ஒற்றை ஆளாக இறக்கினாள். நெட்டை தெருவில் நின்று கத்தினாள். எதிர்க் கடைக்காரர் வியாபாரத்தை விட்டுவிட்டு வெளியே வந்து நின்றார்.

"சொல்லியிருந்தா ஓட்டத்தை விட்டிருப்பேன். இல்ல, கோர்ட்டுக்குப் போயிருப்பேன். இல்ல, மூலையில உக்காந்து அழுதிருப்பேன். எதுவோ ஒண்ணு, நான் பண்ணியிருப்பேன். என் வயித்தைக் கிழிக்க ஊரெல்லாம் கலந்து பேசினீங்களே, ஏன் என்கிட்ட மட்டும் கேக்கல?"

அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. தெருவில் நின்று பேசுகிற விஷயம் இல்லை அது. இப்போது நீங்களும் அதையே கேட்பதால் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். கேட்டிருந்தால் மாட்டேன் என்றிருப்பாள். எனக்கு அது நன்றாகத் தெரியும். அதனால்தான் கேட்கவில்லை.

பெற்றவள்கூட அவளுக்காக இவ்வளவு தூரம் யோசித்திருக்க மாட்டாள்.