சுவரிலிருந்து சுவருக்கு

தேநீரில் ஜாம் கரைத்துக் குடிப்பவர்களை நான் பெரிதாக மதிப்பதில்லை. க்ளெப் மூன்று கரண்டி செர்ரி ஜாம் போட்டு, ஊருக்கே கேட்கும்படி கலக்குவான். ரஷ்யாவின் வரோனெஷ் நகரில் ராக்கெட் எஞ்சின் செய்யும் எங்கள் கூடத்தில் அவன்தான் அறிவாளி. எரியறைக்குள் மண்ணெண்ணெயும் திரவ ஆக்சிஜனும் எரிவதைக் கணினியில் கணக்கிட்டு, வண்ணப்படமாக ஓட்டிக் காட்டுவான். மேலதிகாரிகளுக்கு வண்ணம் பிடிக்கும். காக்கைக்கும் மின்னுவது பிடிக்கும்.

நான் இன்னும் பென்சிலால் கணக்குப் போட்டுப் பார்ப்பவள். உணவறையில் எல்லோர் முன்னாலும் ஒருநாள் என்னிடம் சொன்னான்: "இன்னா கெர்மனோவ்னா, அந்தப் பென்சிலுக்கு ஓய்வு குடுங்க. சோவியத்தே போயிடுச்சு, அது மட்டும் போக மாட்டேங்குது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவன் ஓட்டிய கணினி நிரலில் பாதி நான் எழுதியது. தொடக்கத்தில் கணக்கு சிதறாமலிருக்க அதில் செயற்கையாக, அதிர்வை அடக்கும் ஒரு தணிப்பைச் சேர்ப்போம். தீ நிலைப்பட்டதும் எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் உண்மையான அதிர்வையும் அது அமுக்கிவிடும்; எந்த எஞ்சினும் திரையில் சாதுவாக எரியும்.

புதிய எஞ்சினைத் தணிப்பில்லாமல் ஓட்டிப் பார்த்தேன். அழுத்த அலை சுவரிலிருந்து சுவருக்கு மோதியது. மோத மோதப் பெருத்தது. சோதனை மேடையில் ஏற்றினால் வெடிக்கும். தணிப்பைத் திரும்பச் சேர்த்து க்ளெப்பிடம் கொடுத்தேன். படம் வேறு, தீ வேறு என்று அவனுக்கு யாராவது கற்றுத்தர வேண்டியிருந்தது.

"தணிப்ப எடுத்துட்டீங்கல்ல?" என்றான்.

"எடுத்தாச்சு."

"நீங்க சொன்னா சரி. உங்க கணக்க நான் திருப்பிப் பார்த்தா எனக்குத்தான் அசிங்கம்."

திறந்துகூடப் பார்க்கவில்லை. ஓட்டினான், படம் எடுத்தான், கையெழுத்திட்டான்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. எஞ்சின் பத்திரம் என்று கையெழுத்திட்டவர், சோதனையின்போது மேடைக்கு மிக அருகிலுள்ள காப்பறையில் நிற்க வேண்டும். சட்டத்தில் இல்லை, மானத்தில் இருக்கிறது. நானும் பல வருடம் நின்றவள். க்ளெப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனான்.

பற்றவைக்கும் முன் அங்கிருந்து தொலைபேசியில் அழைத்தான்.

"சந்தேகம் ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிடுங்க. வீட்ல ஒல்யா எனக்காக அப்பம் சுட்டு வெச்சிருக்கா, ஆறிடும்."

குரல் லேசாக நடுங்கியது. அறிவாளிதானே.

"ஒண்ணுமில்ல, க்ளெப். கண்ணாடி ஓரமா நில்லு. சுடர் அழகா இருக்கும்."

நின்றான். எரியறையின் துண்டு ஒன்று அந்தக் கண்ணாடியைத்தான் உடைத்துக்கொண்டு உள்ளே போனது.

ஆமாம், நான்தான் செய்தேன், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் என்னைக் கொடியவள் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். மூன்றாவது தடவை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.