நகரக் கூடாத கப்பல்

பிள்ளைகளே, இன்று காலை டாலாவிலிருந்து ஆற்றைக் கடந்து யாங்கோன் வரும் படகில் என் முன்னால் இரண்டு பெண்கள் நின்றார்கள். இளையவள் கையில் பூமாலை இருந்தது.

“கோயிலுக்குத்தான் அக்கா போறேன். வேண்டுதலைத் திருப்பி வாங்கணும்,” என்றாள்.

“அம்மன்கிட்ட அப்படியெல்லாம் கேக்கலாமாடி?”

“கேட்டுத்தான் ஆகணும். எங்க வீட்டுக்காரரு இருக்கற சரக்குக் கப்பலை ஏதோ ஒரு நாட்டுப் பட்டாளம் வாடகைக்கு எடுத்திருக்கு. சாமானை நெரப்பிக்கிட்டு மாசக்கணக்கா ஒரு தீவுகிட்ட நங்கூரம் போட்டு நிக்குது. இவரோட வேலைக் கெடு முடிஞ்சும், இவரை எறக்கிவிட மாத்தாள் வரலை. அதான், கப்பல் சீக்கிரம் கிளம்பணும், பால்குடம் எடுக்கறேன்னு வேண்டிக்கிட்டேன்.”

“நல்லதுதானே?”

“நேத்து போன்ல சொன்னதும் அவரு பதறிட்டாரு. எங்கயாவது சண்டை வந்தாத்தான் அது கிளம்புமாம். உள்ளே பூரா குண்டும் வண்டியுமாம்.”

“அடிப்பாவி! சண்டைக்கா பால்குடம் நேந்துக்கிட்ட?” அக்கா சிரித்தாள்.

இளையவள் சிரிக்கவில்லை. “கப்பல்னா ஓடத்தானே வேணும்னு நெனச்சேன்.”

படகு கரையைத் தொட்டது.

“சரி, இப்ப என்னன்னு வேண்டப்போற?”

“கப்பல் அங்கேயே நிக்கட்டும், மாத்தாள் மட்டும் வரட்டும்னு.”

இறங்கும் பலகையில் கால் வைத்தவள் நின்றுவிட்டாள்.

“அந்த மாத்தாளுக்கும் வீட்ல ஒருத்தி இருப்பாளே அக்கா?”