வலது இறக்கையில் கறுப்புப் பட்டை

— இன்னைக்கு முடிவு சொல்லிடறேம்மா. எட்டு வாரம் ஆச்சு.

— இன்னைக்கேவா? அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு, சார். இன்னொரு தடவை பாத்துடுங்களேன்.

— டைரக்டர் நேத்து வந்து நின்னார். "ஒரு பழைய விமானத்தோட போட்டோவை அடையாளம் சொல்ல நம்ம மியூசியத்துக்கு எட்டு சனிக்கிழமை வேணுமா?"ன்னு கேட்டார். திங்கக்கிழமைக்குள்ள முடிவெழுதி, படத்தை உங்ககிட்ட திருப்பிக் குடுத்து, ஃபைலை மூடணுமாம்.

— மூடிட்டா நான் வர வேண்டியதில்ல.

— வேண்டியதில்லம்மா.

— ஓ.

— டீ ஊத்தட்டுமா? ஆறிடும்.

— ஊத்துங்க. முதல் வாரம் ஃப்ளாஸ்க் மூடியில குடுத்தீங்க. இப்ப ரெண்டு கப் வச்சிருக்கீங்க.

— வீட்டுல சும்மா கிடந்துச்சு. ஒத்தை ஆளுக்கு எதுக்கு ஆறு கப்பு? இங்கயும் வாரம் பூரா அட்டைப் பெட்டியும் தூசியும்தான் எனக்குத் துணை. சரி, அந்த லென்ஸை இப்படிக் குடுங்க. பாருங்க, இது விமானப்படையோட பயிற்சி விமானம்தான். ஆனா சாதாரணமா அதுல மாணவன் முன்னாடி, வாத்தியார் பின்னாடி உக்காருவாங்க.

— எங்க வீட்டுக்காரரும் அந்த வாத்தியார்தானே! "வருஷக்கணக்கா பசங்க பிடரியைப் பாத்தே பாடம் நடத்தினேன்"னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

— அவர் இந்தப் படத்துல பக்கத்துல நிக்கிறாரே, அந்த விமானம் அப்படி இல்ல. ரெண்டு சீட்டும் பக்கத்துல பக்கத்துல. சோதனைக்குன்னு ஒண்ணே ஒண்ணு செஞ்சு பாத்தாங்க. உடம்பு அகலமாகி வேகம் குறைஞ்சு போச்சு. கைவிட்டுட்டாங்க.

— சீட்டுக்கு மேல கண்ணாடி மூடி அகலமா தெரியுதே, அதை வச்சா சொல்றீங்க? கேமரா கோணமா இருக்கும்னு மூணாம் வாரம் நீங்கதானே சொன்னீங்க?

— சொன்னேன்.

— வலது இறக்கையில இந்தக் கறுப்புப் பட்டை? இது நிழல்னீங்க.

— நிழல் இல்லம்மா. ஏறும்போது கால் வழுக்காம இருக்க ஒட்டற பட்டை. சாதாரண விமானத்துல இடது இறக்கையில மட்டும்தான் இருக்கும், ரெண்டு பேரும் அந்தப் பக்கமாத்தான் ஏறுவாங்க. இதுல ஆளுக்கொரு பக்கம். அதான் வலதுலயும் இருக்கு.

— இருபது வருஷமா இதே வேலை பாக்கிறவர் கண்ணுக்கு அது நிழலா தெரிஞ்சுதா? முழுப் பூசணிக்காயை சோத்துல மறைச்சிருக்கீங்க, சார்.

— டீ ஆறிப்போச்சு. வேற ஊத்தறேன்.

— கப்பை வைங்க. எனக்குக் கோபமில்ல. என்கிட்டயும் ஒரு கள்ளம் இருக்கு.

— உங்ககிட்டயா?

— அவர் போனப்புறம் வீட்டுல பேச நாதியில்ல. டிவியை நானே போட்டு, நானே திட்டி, நானே அணைப்பேன். பெட்டியில கிடந்த இந்தப் படத்தைச் சாக்கா வச்சுக்கிட்டுத்தான் இங்க வந்தேன். சனிக்கிழமைன்னா விடியறதுக்குள்ள தலை சீவிட்டு உக்காந்திருப்பேன். இங்க ஒருத்தர் பக்கத்துல உக்காந்து பேசறார். அது போயிடுமேன்னு பயம். அதான் வாயைத் திறக்கல.

— எதைப் பத்தி?

— இது எந்த விமானம்னு எனக்கு முன்னாடியே தெரியும். படத்துக்குப் பின்னாடி, ஓரத்துல பென்சில்ல அவரே எழுதி வச்சிருக்கார். இந்த எட்டு வாரத்துல நீங்கதான் ஒரு தடவைகூடத் திருப்பிப் பாக்கல. இப்பவாவது பாருங்க.

— "பக்கத்து சீட் விமானம். இது ஒண்ணுதான். இன்னைக்குத்தான் மாணவனோட முகத்தைப் பாத்தேன்."

— சார்... படத்தை நீங்க இன்னும் திருப்பவே இல்லையே!

— எங்க வேலையில ஒரு படம் வந்தா முதல் நாளே பின்பக்கத்தைத்தான் படிப்போம், அம்மா.