வாரத்துக்கு ஒரு நாய்

விருத்தாசலத்தில் நான் பீங்கான் தொழில்நுட்பம் படித்த நாட்களில் ஒரு மாலை, ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸில் முன் சீட்டில் இருந்த பெண் பக்கத்திலிருந்த மூத்தவளிடம் சொன்னாள்:

"எங்க வூட்ல நாய வாரத்துக்கு வளக்குறோம்க்கா."

"ஆடு மாடுதான வாரத்துக்கு வுடுவாங்க, குட்டியில ஆளுக்குப் பாதின்னு. நாயக்கூடவா?"

"லேப்ரடார் பொட்டக்கா. நெய்வேலியில ஒருத்தரு குட்டி விக்கிறாரு. அவரு வூட்ல எடமில்லன்னு எங்ககிட்ட வளக்கக் குடுத்தாரு."

"அப்ப குட்டியில பாதி ஒனக்கா?"

"அப்படித்தான் எங்க வூட்டுக்காரரும் நெனச்சாரு. ஊரெல்லாம் குட்டி தரேன்னு சொல்லி வச்சிட்டாரு. இப்பதான் தெரியுது, ரெண்டு ஈத்துக் குட்டியும் அந்த நெய்வேலிக்காரருக்காம். அதுக்கப்புறம் தாய் நமக்காம்."

ஆட்டு வாரத்துக்கு இது நேர் எதிர். குட்டிகள் அவருக்கு, தாய் இவளுக்கு, சோற்றுச் செலவும் இவளுக்கு.

"ஈத்து ஓஞ்ச நாய வச்சிக்கிட்டு என்னடி பண்ணுவ?"

"அதையேதான் எங்க வூட்டுக்காரரும் கத்துனாரு. நேத்து, திருப்பிக் குடுத்துட்டு வரேன்னு வண்டியில ஏத்திக்கிட்டுப் போயிட்டாரு. நான் சோறே திங்கலக்கா."

"அய்யோ. அப்புறம்?"

"பொழுது சாயறப்ப நாயோட வந்து நிக்கிறாரு. நெய்வேலிக்காரரு வூடு பூட்டியிருக்குதாம்."

"நல்ல வேள. ஆனா திரும்பவும் கொண்டு போவாருல்ல?"

"நெய்வேலிக்குப் போன் போட்டுப் பாத்தேன்க்கா. அந்த மனுஷன் நாள் பூரா வூட்லதான் இருந்தாராம். யாருமே வரலியாம்."